நவமணி பார்க்காத குருவிகள்

ஊட்டிக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து, தேயிலைக்கும் கேரட் தோட்டங்களுக்கும் நடுவே ஏறி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றுவிட்ட தும்பிமலைக் காலனியில், உறைபனி வழக்கத்தைவிட முன்னாலேயே இறங்கிவிட்ட வருஷத்தில், சத்துணவுக் கூடத்துச் சமையல் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த நவமணி, யாருக்கும் பிரயோஜனமில்லாத ஒரு காரியத்தைத் தனக்காக மட்டும் செய்துகொள்வது என்று தீர்மானித்தாள். கொல்லைப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து குருவி பார்ப்பதுதான் அந்தக் காரியம்.

அதுவரை அவள் எதையும் உட்கார்ந்து பார்த்தவளில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நீண்ட தட்டுகளைப் பார்த்தாள், தட்டைப் பிடித்திருந்த முகங்களைப் பார்ப்பதற்குள் அடுத்த தட்டு வந்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஷீபா, "ரிட்டயர் ஆயிட்டியேம்மா, என்ன வேணும் சொல்லு" என்று போனில் கேட்டபோது, புடவை வேண்டாம், மிக்ஸி வேண்டாம், குருவிகளுக்குத் தீனி வைத்து மரத்தில் தொங்கவிடுகிற தட்டு ஒன்று வேண்டும் என்றாள். ஷீபா சிரித்துவிட்டு அனுப்பிவைத்தாள். மேலே சின்னக் கூரையும், தொங்கவிடச் சங்கிலியும், கால் ஊன்ற விளிம்பும் வைத்த மரத்தட்டு. இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்ற பேரிக்காய் மரத்தில் அதை மாட்டித் தரச் சொல்லி நவமணி கணவன் ஆசீரிடம் கேட்டாள். மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி, வளைவையும் எதிரே வரும் லாரியையும் தவிர வேறு எதையும் பார்க்காமல் பழகிய அவருடைய கண்கள், ஓய்வுக்குப் பிறகு டிவியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. "நாளைக்குப் பார்ப்போம்" என்றார். நவமணி ஸ்டூலைப் போட்டு ஏறித் தானே மாட்டினாள். தினையும் கம்பும் கலந்து கொட்டி, பழுத்த வாழைப்பழத்தை நறுக்கி வைத்து, மறுநாள் விடிகிறபோது ஸ்வெட்டர், குல்லா, கையில் சூடான டீ சகிதம் ஜன்னலில் உட்கார்ந்தாள்.

தட்டு ஆடியது. தினை குதித்தது. உமி பறந்து பனி படர்ந்த புல்லில் விழுந்தது. வாழைப்பழத்தில் பள்ளம் பள்ளமாகக் குழி விழுந்தது. கீச்சு கீச்சென்று ஒரு கூட்டம் சண்டை போடுகிற சத்தம் காதை நிறைத்தது. குருவிகளை மட்டும் காணவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குள் வேலிக்கு அந்தப்பக்கம், ஆசீரின் தங்கை ரெஜினா துணி காயப்போட வந்தவள், வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"மதினி, என்ன மதினி இது, இத்தனை குருவி! இந்தச் சிவப்பு எங்கேயிருந்து வந்தது? நான் பார்த்ததே இல்லையே."

"எந்தச் சிவப்பு?"

"அதான், உங்க மூக்குக்கு நேரா."

நவமணி மூக்குக்கு நேராகப் பார்த்தாள். தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

குன்னூருக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தாள். அவர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், படித்தாள். வெளியே மின்கம்பியில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார், காக்கை என்றாள், காலில் சிவப்புக் கயிறு சிக்கியிருப்பதையும் சொன்னாள். உங்களுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டு மைனா தெரிந்தது, சர்ச் மணிக்கூண்டுப் புறா தெரிந்தது, திரும்பும் வழியில் தேயிலைச் செடிகளுக்குள் ஓடிய காட்டுக்கோழி தெரிந்தது. வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தால் உமி மட்டும் பறந்தது.

தும்பிமலைக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. ஒருத்தருக்குப் பலாப்பழம் ஒத்துக்கொள்ளாது, ஒருத்தருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, நவமணிக்குக் குருவி ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசி முடித்துக்கொண்டு, அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கொல்லையில் போட்டார்கள். உறைபனியில் கேரட் கருகிப்போய், செய்ய வேலையில்லாமல், விறகுப் புகைக்குள் இருமிக்கொண்டு கிடக்கிற காலமாதலால், விடிந்ததும் அந்தக் கொல்லைக்கு வருவது அவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கம்பளி போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, "அதோ, அதோ" என்று விரல் நீட்டினார்கள். இத்தனை பேர் வருவதால் நவமணி டீ போட்டாள். டீ போட்டதால் இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். காலனிச் சங்கத்துச் செயலாளர் போஜன், இளைஞனாக இருந்தபோது வெளியூரில் தியேட்டர் மேனேஜராக இருந்தவர், முன்வரிசையில் குள்ளமானவர்கள், பின்வரிசையில் உயரமானவர்கள் என்று ஒழுங்கு பண்ணிவைத்தார்.

முதலில் எல்லோரும் அவளுக்கு எடுத்துச் சொன்னார்கள். மிளகாய்ப்பழ நிறத்தில் ஒன்று என்றார் ஒருவர். மிளகாய்ப்பழம் இல்லை, செங்கல் என்றார் இன்னொருவர். செங்கல்லா மிளகாயா என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டு, அவளை மறந்துவிட்டார்கள். போகப்போக எடுத்துச் சொல்வதில் அவர்களுக்குச் சலிப்பு தட்டியது. "உங்களுக்குச் சொன்னா புரியாதுக்கா, பார்த்தாத்தான் புரியும்" என்றார்கள். ஒரு நாள் அவள் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது போஜன் சமையல்கட்டு வாசலுக்கே வந்து, மிகவும் பணிவாக, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் மெதுவா வையுங்க. கலைஞ்சு போகுது" என்றார்.

நவமணி டம்ளரை மெதுவாக வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல், உள்ளே போய் ஆசீரிடம் நின்றாள்.

"நீங்களாவது வந்து பார்த்துச் சொல்லுங்களேன்."

ஆசீர் டிவியிலிருந்து பிரிந்து ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "நிறைய இருக்கு" என்றார்.

"என்ன நிறம்?"

"குருவி நிறம்தான்."

"குருவி நிறம்னா?"

"இப்போ என்னைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல. குருவின்னா குருவி" என்று திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மார்கழி பிறந்ததும் நவமணிக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ரெஜினா வந்து கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் காலியாகக் கிடந்த தீனித் தட்டிலும் தினையைக் கொட்டிவிட்டுப் போனாள். மறுநாள் விடிந்து, போர்வைக்குள் சுருண்டு ஜன்னல் பக்கம் புரண்ட நவமணி குருவிகளைப் பார்த்தாள்.

பனி படர்ந்த கிளையில், நெஞ்சும் தலையும் மிளகாய்ப்பழமுமில்லாமல் செங்கல்லுமில்லாமல், கொதிக்கும்போது எண்ணெயோடு மேலே வரும் குழம்பின் சிவப்பில் சில. கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டதுபோல வெள்ளை வளையத்தோடு, உள்ளங்கைக்குள் இரண்டு அடங்கிவிடும் பச்சையில் சில. கழுத்திலிருந்து வயிறு வரை கறுப்புக் கோடு இறங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி. கறுப்புக் கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டுமாக, மற்றதையெல்லாம் விரட்டிக்கொண்டு ஒன்று. அது விரட்டுவதும், விரட்டப்பட்டது இரண்டடி பறந்து உடனே திரும்பி வருவதும், பந்தியில் இடம்பிடிக்கும் பிள்ளைகளைப் போலவே இருந்தது. நவமணி காய்ச்சலை மறந்து எழுந்து உட்கார்ந்தாள். வெளியே நாற்காலி வரிசையில் ரெஜினா மட்டும், "என்ன இன்னைக்கு ஒண்ணையும் காணோம், எல்லாரும் எதைப் பார்க்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. தட்டில் கிடக்கும் தீனி யார் கையால் விழுந்ததோ அவர் கண்ணுக்கு அதைத் தின்ன வரும் குருவிகள் தெரியாது. சர்ச் ஐயர், இதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது என்றார், என்ன நியாயம் என்று அவர் சொல்லவில்லை. மாரியம்மன் கோவில் பூசாரி, பரிமாறுகிறவன் பந்தியில் உட்கார முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். காலனிக்காரர்கள் நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் சந்தோஷப்பட்டார்கள்.

ரெஜினா ஒரு வாரம் போல தீனி வைத்தாள். பிறகு ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப்பக்கமே நின்றுகொண்டு, "எனக்கும் கண்ணு இருக்கு மதினி" என்றாள்.

"ஒரு மாசமா நான் பார்க்காம இருந்தேனே ரெஜினா."

"நீங்க தெரியாம வச்சீங்க. தெரிஞ்சும் நான் வைக்கணும்னா எப்படி?"

ரெஜினா சொன்னது நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்ததே நவமணிக்கு எரிச்சலாக இருந்தது.

போஜன் சங்கக் கூட்டம் போட்டார். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொள்வது என்று எல்லோரும் கைதட்டி ஒத்துக்கொண்டார்கள். முதல் முறைக்காரருக்கு மேட்டுப்பாளையத்தில் கல்யாணம் இருந்தது. அடுத்தவருக்கு இடுப்புப் பிடிப்பு. அதற்கடுத்தவர், தன் வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகவும் விருந்தாளியோடு சேர்ந்து தானும் பார்க்க வேண்டியிருப்பதாகவும் சொன்னார். ஒவ்வொரு முறை தவறும்போதும், கொல்லைக்குப் பக்கத்தில் இருப்பவள் என்பதால், நவமணி தினை டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். சிலர் தந்திரம் பண்ணிப் பார்த்தார்கள். ஒருவர் தினைக் கோணியைத் தட்டுக்கு மேலே கிளையில் வைக்க, இன்னொருவர் தூரத்திலிருந்து கயிற்றை இழுத்துக் கவிழ்த்தார், இரண்டு பேருக்குமே குருவி தெரியவில்லை. கேரட் ஏற்ற வந்த லாரியின் கிளீனரை நல்லவிதமாகப் பேசிக் கூட்டிவந்து தீனி போடச் சொன்னார்கள். அவன் போட்டுவிட்டு, மொட்டை மரத்தை வெறித்துக்கொண்டிருக்கும் இத்தனை பெரியவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். அன்று காலனி முழுவதும் ஒரே நேரத்தில் குருவி பார்த்தது. நவமணி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு வருவதற்குள் நாற்காலிகள் நிறைந்துபோய், பின்னால் நின்று தலைகளுக்கு மேலே எக்கியதில், ஒரு வாலின் நுனி மட்டும் அவளுக்குக் கிடைத்தது. தும்பிமலையில் ஆட்களைப் பிடித்து ஏதோ செய்கிறார்கள் என்று அந்தக் கிளீனர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு லாரிக்காரர்கள் கீழேயே நின்று ஹாரன் அடித்தார்கள்.

பொங்கல் கழிந்து, பனி கண்ணாடித் துண்டுபோல மொறுமொறுவென்று புல்லில் நின்ற ஒரு சாயங்காலம், முறைக்காரர் மறுபடி வராதபோது, நவமணி தினை டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். வைக்கப்போவதில்லை என்று யாரிடமும் சொல்லவுமில்லை.

விடிந்ததும் குருவிகள் வந்தன. யார் கையாலும் எதுவும் விழவில்லையாதலால் எல்லோருக்கும் தெரிந்தன, அவளுக்கும் தெரிந்தன. ஜன்னலுக்கு நேரே, அவள் ஆசைப்பட்டபடியே, தெளிவாக. காலித் தட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு கிளைக்குப் போய், உடம்பை உப்பிப் பந்தாக்கிக்கொண்டு உட்கார்ந்தன. விரட்டுகிற கொண்டைக்காரன் எதையும் விரட்டவில்லை. பச்சைக் குருவிகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, எந்தக் கால் எதனுடையது என்று தெரியாமல் இருந்தன. எதுவும் சத்தம் போடவில்லை.

நாற்காலி வரிசையில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். "பாவம்" என்றது ஒரு குரல். "பசிக்குது போல" என்றது இன்னொன்று. "இந்தக் குளிருக்கு ரெண்டு மணி நேரம் தாங்காது" என்று போஜன் வருத்தமாகச் சொன்னார். எல்லோரும் குருவிகளைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி நவமணியின் ஜன்னலைப் பார்த்தார்கள், பிறகு குருவிகளைப் பார்த்தார்கள். ஒரு நாற்காலிகூட அசையவில்லை. ரெஜினா வீட்டில் தினை இருந்தது, போஜன் வீட்டில் ஒரு மூட்டை கம்பே இருந்தது. யாராவது ஒருவர் எழுந்துவிடுவார் என்று நவமணி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே வெயில் ஏறி, பனி உருகிச் சொட்டத் தொடங்கியும் யாரும் எழவில்லை. கிளையிலிருந்து ஒரு சாம்பல் குருவி, பழம் உதிர்வதுபோல, சிறகை விரிக்காமலே கீழே விழுந்தது.

நவமணி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். விழுந்ததைக் கையில் எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் தினையை அள்ளிப் போட்டாள். முதல் மணி தட்டில் விழுந்ததும் கிளையிலிருந்தவை ஒவ்வொன்றாக, வீடுகளில் விளக்கணைவதுபோல, அவள் கண்ணுக்கு முன்னாலேயே இல்லாமல் போயின. கடைசியாக ஸ்வெட்டருக்குள் இருந்ததும் கண்ணுக்கு இல்லாமல் போனது. குனிந்து பார்த்தாள், கம்பளிதான் தெரிந்தது. நெஞ்சுக்கு நேரே ஒரு சூடு மட்டும் கொஞ்ச நேரம் துடித்து, பிறகு அதுவும் விர்ரென்று வெளியேறியது.

பின்னால் நாற்காலிகளில் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். "அப்பாடா" என்றார் போஜன். "அக்கா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, மறைக்குது."

அன்று மத்தியானம் ஆசீருக்குச் சோறு போட்டவள், குழம்பை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"இவ்வளவு பேர்ல ஒருத்தர் எழுந்திரிக்கலை. கவனிச்சீங்களா?"

"அவனுங்க எப்பவும் அப்படித்தான்."

"அவங்களை விடுங்க. நீங்க ஏன் எழுந்திரிக்கலை? உங்களுக்கு அது குருவி நிறம்தானே. நீங்க பார்க்கிறதும் இல்லை. பார்க்காத கண்ணுக்குத் தெரியாமப் போனா என்ன நஷ்டம்?"

ஆசீர் தட்டைப் பார்த்தார். "நீதான் எப்பவும் வைப்பியே" என்றார்.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் அவளுக்குத் தாங்கவில்லை. குழம்புச் சட்டியை அவர் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, "ஊத்திக்குங்க" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். அவர் ஊற்றிக்கொள்ளவில்லை, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனார் என்பது சட்டியை எடுத்து வைக்கும்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு நவமணி ஜன்னலில் உட்காரவில்லை. சாயங்காலம் தீனி வைப்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள், காலையில் சமையல்கட்டில் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். போஜன் வந்து பணிவாகச் சொல்லிப் பார்த்தார், அவள் இன்னும் சத்தமாக வைத்தாள். பாத்திரத்தையும் மெதுவாக வைக்கவில்லை. குருவிகள் பழகிக்கொண்டன, ஜனங்கள்தான் முகம் சுளித்தார்கள். காலனிக்காரர்கள் முறை வைக்கும் பேச்சையே விட்டுவிட்டார்கள். மனசார அவர்கள் அவளை மெச்சினார்கள், சங்கத்தின் சார்பில் அவளுக்கு ஒரு சால்வை போடலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. சால்வையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதை நாய்க்குப் போர்த்திவிடுவேன் என்று நவமணி ரெஜினாவிடம் சொல்லியனுப்பினாள்.

மாசி நெருங்கி, பனி இனி சில நாள்தான் என்று ஆகிவிட்ட காலத்தில், ஒரு காலை, அடுப்பில் கூட்டத்துக்கான டீத்தண்ணீரை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவருகே குப்பையைக் கொட்டப் போனவள், பழக்கத்தில் கண் தூக்கிப் பார்த்தாள். பேரி மரம் முழுவதும் குருவி.

கையிலிருந்த குப்பைக்கூடையோடு நின்றாள். நேற்றுச் சாயங்காலம் தட்டில் தினை கொட்டியது அவள்தான், அதில் சந்தேகமில்லை. அவள் போட்டது போக மேலே ஒருவர் போட்டிருந்தால், கயிறு இழுத்தவர்களுக்கு ஆனதுபோல இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிருக்கும். அப்படியானால் யாரோ இருட்டு பிரிவதற்குள் வந்து, அவள் போட்டதை ஒரு மணி விடாமல் வழித்து எடுத்துவிட்டு, புதிதாக வைத்திருக்க வேண்டும்.

நாற்காலிகளுக்குப் பக்கத்தில் போனாள். "என்ன ரெஜினா, இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்றாள், எப்போதும் கேட்பவள்போல. ரெஜினா சிவப்பு இரண்டு, பச்சை ஐந்தாறு, கொண்டைக்காரன் விரட்டிக்கொண்டிருக்கிறான் என்றாள். அத்தனையும் சரியாக இருந்தது. போஜனைக் கேட்டாள், அவர் சொன்னதும் சரி. வரிசையின் கடைசியில், வேலியோரம், ஒருநாளும் அங்கே வந்து உட்கார்ந்தறியாத ஆசீர், குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சமையல்கட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பனியில் விறைத்த கைகளை அக்குளுக்குள் செருகியிருந்தார். ஸ்வெட்டர் கையில் தினை மணிகள் ஒட்டியிருந்தன.

"உங்களுக்கு என்ன தெரியுது?" என்றாள் நவமணி.

அவர் மரத்தை உற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாக, வழி தெரியாத பயணிக்கு நிறுத்தம் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"அந்தா, மேல் கிளையில ஒண்ணு இருக்கு. நீலம். சும்மா நீலம் இல்லை, மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியுமே, அந்த நீலம். வால் இவ்வளவு நீளம். தொண்டையில மஞ்சளா ஒரு பட்டை. இப்போ தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்க்குது."

மேல் கிளையில் ஒன்றும் இல்லை. பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

போஜன் திரும்பி, "டிரைவர் அண்ணா, அங்கே ஏது நீலக் குருவி" என்று ஆரம்பித்தார். நவமணி அவருடைய நாற்காலிக் காலை ஓர் உதை விட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு முன்னால் திரும்பினார்.

இவ்வளவு காலம் கழித்தா என்று அவரைக் கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. நாளைக்கும் வைப்பீர்களா என்று கேட்கவும் தோன்றியது. கேட்டால், நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் சொல்வார். அழுகை வரும்போலவும், அவர் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும்போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வால் எவ்வளவு நீளம்?"

"ஒரு முழம் இருக்கும்."

"ஜோடி இருக்கா?"

ஆசீர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கு. இலை மறைவுல."

இலையே இல்லாத மரத்தில் சிவப்புக் குருவி ஒன்று தினையைக் கொத்தி உமியைத் துப்பிக்கொண்டிருந்தது. நவமணி அதைப் பார்த்தாள். கொண்டைக்காரன் வந்து விரட்டினான், அது இரண்டடி போய்த் திரும்பி வந்தது. வீட்டுக்குள் அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்துப் பொங்கி, தீயில் விழுந்து சுறுசுறுவென்று சத்தமிட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. வரிசையாகத் தலைகள் திரும்பி அவளைப் பார்த்தன. பாத்திரம் தீய்கிற வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.